சோழவரமும் செப்ரிங்கும்

2025ஆம் வருடம் ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் போகி. பழைய பாய், உடைந்த முறம், பூச்சி அரித்த காகிதக் கட்டு என்று எரிக்க வேண்டியதை எல்லாம் வாசலில் குவித்துக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து பேரன் ஓடி வந்தான். கையில் செல்போன். "தாத்தா, துபாய்ல நம்ம தல டீம் மூணாவது வந்துடுச்சு!"

அஜித்குமார் நடத்தும் கார் பந்தய அணி, துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் 992 என்ற போர்ஷே கார்ப் பிரிவில் மூன்றாவதாக வந்த செய்தி அது. அந்த வருடப் பந்தயப் பருவத்தின் தொடக்கப் போட்டி. தேசியக் கொடியைத் தூக்கிக்கொண்டு அவர் ஓடி வரும் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பேரன் அடுத்து ஒன்று சொன்னான். "இந்த மாதிரி நாள் முழுக்க ஓட்டற ரேஸ்ல நம்ம ஊர்க்காரங்க கால் வைக்கறதே இதான் தாத்தா முதல் தடவை."

"இல்லடா" என்றேன்.

"யாரு தாத்தா? பேர் சொல்லு."

பேர் சொன்னேன். அவன் நம்பாமல் செல்போனில் தேடிப் பார்த்தான். அதன்பிறகு கேள்வி மேல் கேள்வி. அவனுக்கு அன்று வாயால் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பெயர் விஷயம். எல்லோரும் "லீ மேன்ஸ்" என்கிறார்கள். நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். "ல மான்" என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கடைசி எழுத்துக்குச் சத்தம் கிடையாது. பிரான்சின் மேற்குப் பக்கம் சார்த் என்ற ஆற்றங்கரையில் இருக்கும் நடுத்தர ஊர். அங்கே 1923 மே 26 மாலை 4 மணிக்கு 33 கார்கள் கிளம்பின. மழையும் ஆலங்கட்டியும் அடித்த ராத்திரி. மறுநாள் மாலை 4 மணிக்கு லகாஷ், லெயோனார் என்ற இருவர் ஷெனார் வால்க்கேர் என்ற காரில் அதிக தூரம் ஓட்டியிருந்தார்கள், சுமார் 2,200 கிலோமீட்டர். கிளம்பிய 33இல் 30 கார்கள் கடைசிவரை ஓடின. இது வேகப் பந்தயம் இல்லை. கார் தாங்குகிறதா, விளக்கு எரிகிறதா, பிரேக் பிடிக்கிறதா, ஓட்டுகிற மனிதன் தாங்குகிறானா என்று பார்க்கிற பந்தயம். நம் ஊரில் மாடு வாங்கும்போது பல்லைப் பார்த்துவிட்டு ஒரு நாள் ஏர் பூட்டி ஓட்டிப் பார்ப்பார்களே, அதுபோல.

எங்கள் பிரெஞ்சு முசே அந்தப் பக்கத்து ஊர்க்காரர். பெயர் வேண்டாம், அவர் பிள்ளைகள் எங்கேயாவது இருப்பார்கள். வாரம் ஒருமுறை திக்தே, அதாவது அவர் சொல்லச் சொல்ல நாங்கள் பிழையில்லாமல் எழுத வேண்டும். ஒருநாள் அவர் திக்தேவாகச் சொன்னது பியர் லெவேக் என்பவரின் கதை. எனக்கு அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயது. எத்தனை பிழை விட்டேன் என்பது மறந்துவிட்டது. கதை மறக்கவில்லை.

லெவேக்கின் சொந்தப் பெயர் பூயென். பழைய காலத்துப் பந்தயக்காரரான தன் மாமா ஒருவரின் நினைவாக அந்தப் பெயரை வைத்துக்கொண்டார். 1952இல் தன் டால்போ காரோடு ல மானுக்கு வந்தார். மாற்றி ஓட்ட இன்னொருவர் இருந்தார், மர்ஷான் என்று. ஆனால் லெவேக் ஸ்டியரிங்கைக் கொடுக்கவே இல்லை. இரவு முழுக்க, விடிந்து, பகல் முழுக்க, ஒரே ஆள். பின்னால் வந்த ஜெர்மன் மெர்சிடஸ் கார்களைவிட நாலு சுற்று முன்னால் இருந்தார். பந்தயம் முடிய ஒரு மணி நேரம்கூட இல்லாதபோது இன்ஜின் போயிற்று. மெர்சிடஸ் ஜெயித்தது. தூக்கக் கலக்கத்தில் கியரைத் தவறாகப் போட்டார் என்றார்கள் பலர். இன்ஜினில் ஒரு நடுக்கம் இருந்தது, அது எனக்கு மட்டுமே தெரியும், அதனால்தான் வேறொருவர் கையில் கொடுக்கவில்லை என்றார் அவர்.

முசே அதை ஒரு வீரக் கதையாகச் சொன்னார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

கார் பந்தயத்துக்கு உலகச் சாம்பியன் பட்டம் என்று ஒன்று ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு ஏற்பட்டது 1953இல். ஏழு பந்தயங்கள். அதில் முதலாவது ல மான் இல்லை. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நடுவே இருக்கும் செப்ரிங் என்ற சின்ன ஊர். 1953 மார்ச் 8. 12 மணி நேரப் பந்தயம். பில் வால்டர்ஸ், ஜான் ஃபிட்ச் என்ற இரண்டு அமெரிக்கர்கள் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்கக் காரில் 173 சுற்று ஓட்டி ஜெயித்தார்கள். இந்த ஃபிட்சையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செப்ரிங்கில் பந்தயம் எதற்கு வந்தது? இரண்டாம் உலகப் போரில் அது விமானத் தளம். "பறக்கும் கோட்டை" என்று பெயர் பெற்ற பி-17 குண்டுவீச்சு விமானங்களை ஓட்டக் கற்றுக்கொடுத்த இடம். போர் முடிந்தது, விமானங்கள் போயின, சிமென்ட் பலகைகள் பாவிய ஓடுபாதை வெறிச்சென்று கிடந்தது. ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய அலெக் உல்மான் என்ற விமான இன்ஜினியர் வேறு வேலையாக வந்தவர், அந்த ஓடுபாதையைப் பார்த்ததும் பந்தயம் நடத்தலாமே என்று நினைத்தார். 1950 டிசம்பர் 31 அன்று ஆறு மணி நேரப் பந்தயம். ஜெயித்தது எது தெரியுமா? க்ராஸ்லி என்ற குட்டிக் கார், 726 சிசி. நம்மூர் புல்லட்டைவிட இரண்டு மடங்கு இன்ஜின், அவ்வளவுதான். பார்க்க வந்த ஒருவர் ஓட்டிக்கொண்டு வந்த கார், அங்கேயே இரவல் வாங்கிப் பந்தயத்தில் விட்டார்கள்! இன்ஜின் அளவுக்கு ஏற்ப ஒவ்வொரு காருக்கும் இவ்வளவு தூரம் என்று கணக்கு வைத்து, அந்தக் கணக்கை எது அதிகம் தாண்டுகிறதோ அதற்குப் பரிசு. அந்தக் கணக்கு முறை ல மானிலிருந்து வந்தது.

இதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று சோழவரம் ஞாபகம் வந்தது.

சோழவரமும் போர்க்கால விமான ஓடுபாதைதான். செங்குன்றம் தாண்டி, கல்கத்தா போகும் ஜி.என்.டி. ரோட்டுப் பக்கம். இப்படிப் போர்க்காலத்தில் போட்ட ஓடுதளங்கள் நம் பக்கத்தில் பல உண்டு. இப்போது நம் ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கும் அரக்கோணத்திலும் அப்போதே ஒன்று இருந்தது. அது பிற்பாடு கடற்படைக்குப் போய் 1992இல் ஐ.என்.எஸ். ராஜாளி ஆயிற்று. சோழவரம் பந்தயத்துக்குப் போயிற்று. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் ஏற்பட்டது. செப்ரிங்கில் முதல் உலகப் பட்டப் போட்டி நடந்த அதே வருடம். ஒருவரை ஒருவர் அறியாமல் பூமியின் இரண்டு பக்கத்தில் ஆட்கள் பழைய ஓடுபாதைகளில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி வளைவு உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த கிளப்பை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் இந்து சந்தோக். அவர் மகன் விக்கி சந்தோக்கும் பந்தயம் ஓட்டியவர்.

நான் சோழவரம் போனது ஒரே ஒரு முறை. 1970களின் நடுவில், வேலையில் சேர்ந்து மூன்றாம் வருடமோ நாலாம் வருடமோ. கூட்டிப் போனவர் பெரியம்மா மகன், எனக்கு ஏழு வயது மூத்தவர். அண்ணன் என்றே எழுதுகிறேன். ராணிப்பேட்டைத் தோல் மண்டி ஒன்றில் லாரி டிரைவர். பெஜவாடாவிலிருந்தும் அதற்கு அப்பால் கல்கத்தாவிலிருந்தும் உப்புத்தோல் ஏற்றி வருவார். இங்கிருந்து பதப்படுத்தின தோல் பெரியமேட்டுக்குப் போகும். உப்புத்தோல் லாரியில் ஒரு தரம் ஏறினால் சட்டையை மூன்று முறை துவைக்க வேண்டும். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அன்று காலி லாரி. என்னை முன்னால் ஏற்றிக்கொண்டு விடியற்காலை கிளம்பினார். செங்குன்றம் தாண்டியதும் ரோடு முழுக்கக் கூட்டம். பஸ், சைக்கிள், மாட்டு வண்டிகூட. உள்ளே போனால் புழுதி, பெட்ரோல் நெடி, ஒலிபெருக்கியில் இங்கிலீஷ் வர்ணனை. அம்பாசடர், பியட், நம் சென்னையிலேயே செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இவையெல்லாம் சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓடின. நடுவில் வெளிநாட்டிலிருந்து தருவித்த ஒற்றை ஆள் கார்கள் ஒன்றிரண்டு. அவை வந்தால் மட்டும் கூட்டம் எழுந்து நிற்கும். கோண்டல் மகாராஜா ஓட்டிய காலம் அது. பிற்பாடு விஜய் மல்லையா பழைய பார்முலா ஒன் கார் ஒன்றையே கொண்டு வந்து ஓட்டினார். கோயம்புத்தூர் கரிவரதன் போன்றவர்கள் தாங்களே கார் செய்து ஓட்டினார்கள்.

அண்ணன் கார் ஓட்டத்தைவிட டயரையே பார்த்துக்கொண்டிருந்தார். "சிமென்ட் தரை டயரைத் தின்னுடும் தம்பி" என்றார். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் பந்தயங்கள்தான் எல்லாம். அவருக்கு ஏமாற்றம். "இதென்ன, ஒரு டேங்க் டீசல்கூடத் தீரல" என்று சிரித்தார்.

திரும்பி வரும்போது நான் லெவேக் கதையைச் சொன்னேன். இருபத்துமூன்று மணி நேரம் ஒரே ஆள் என்று, முசே சொன்ன அதே தோரணையில். அண்ணன் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "நான் ரெண்டு ராத்திரி, ஒரு பகல் தனியா ஓட்டிக்கிட்டு வந்திருக்கேன். எனக்கு யாரு கப்பு கொடுத்தாங்க?" இருவரும் சிரித்தோம். அதற்குப் பிறகு ஊரில் யாரிடமாவது பேசும்போது, "பிரான்சுல ஒருத்தன் இருபத்துமூணு மணி நேரம் ஓட்டினானாம், நம்ம கணக்குக்கு அது ஜுஜுபி" என்று சொல்வார். கேட்கிறபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

1978 ஆகஸ்டில், கல்கத்தாவிலிருந்து வரும் வழியில், நெல்லூருக்கு இந்தப் பக்கம் விடியற்காலை மூன்றரை மணிக்கு லாரி மதகுச் சுவரில் மோதியது. அண்ணன் அங்கேயே போய்விட்டார். கிளீனர் பையன் பிழைத்தான். "அண்ணன் தூங்கிட்டாரு" என்பதைத் தவிர அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த நடைக்கு இரண்டாவது டிரைவரை அனுப்பவில்லை. அனுப்பினால் பேட்டா அதிகம்.

அப்போது நான் இருந்த அலுவலகத்தில் தொழிலாளர் சட்டங்கள் பைண்டு செய்து அலமாரியில் இருந்தன. எடுத்துப் படித்தேன். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரம் 48 மணி நேரம். நெடுந்தூர நடைக்கு அனுமதி பெற்றால் நாளைக்கு 10 மணி வரை. தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரமாவது ஓய்வு. அச்சில் அவ்வளவு தெளிவாக இருந்தது. நஷ்டஈட்டு மனு நான்தான் எழுதினேன். அது 1923ஆம் வருடத்துச் சட்டத்தின் கீழ் போட வேண்டிய மனு. ல மான் தொடங்கிய அதே வருடம் என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. டிரைவர் தன் விருப்பப்படி தனியே போனார், தனியே ஓட்டுவதில் அவருக்குப் பெருமை என்று மண்டித் தரப்பில் எழுதிக் கொடுத்தார்கள். அதற்குச் சாட்சி சொல்ல ஆட்களும் கிடைத்தார்கள். "பிரான்சுல ஒருத்தன்" என்ற கதையை ஒரு சாட்சி அப்படியே சொன்னார். நான் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று வருடம் கழித்துத் தொகை வந்தது. அண்ணி அதை வைத்துத்தான் பிள்ளைகளைக் கரையேற்றினார்.

லெவேக்கின் மீதிக் கதையை முசே எங்களுக்குச் சொல்லவில்லை. அது எனக்குத் தெரிய வந்தது அண்ணன் இறந்த பிறகு, விடுப்பில் புதுச்சேரி போனபோது, ஒரு பழைய பிரெஞ்சுப் பத்திரிகையில். 1952இல் லெவேக்கின் பிடிவாதத்தைப் பார்த்து வியந்த மெர்சிடஸ்காரர்களே 1955இல் அவரைத் தங்கள் அணிக்கு அழைத்தார்கள். வயது 49. ஜூன் 11 மாலை, பந்தயம் தொடங்கி இரண்டரை மணி நேரம்கூட ஆகவில்லை. முன்னால் போன ஜாகுவார் பெட்ரோல் போடும் இடத்துக்காகச் சட்டென்று வேகம் குறைக்க, அதன் பின்னால் வந்த ஆஸ்டின் ஹீலி விலக, அதன்மேல் லெவேக்கின் கார் ஏறிப் பறந்து மண் திட்டில் மோதி உடைந்து கூட்டத்துக்குள் போயிற்று. 80க்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் செத்தார்கள். லெவேக்கும். மோட்டார் பந்தய வரலாற்றிலேயே இதற்குமேல் ஒரு விபத்து இல்லை. சுவிட்சர்லாந்து தன் நாட்டில் பந்தயத்தையே தடை செய்தது. இதில் லெவேக் மேல் பெரிய பிழை எதுவும் இல்லை என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். ஆனாலும் அந்தப் பெயர் அந்த விபத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

அன்று லெவேக்கோடு மாற்றி ஓட்ட நியமிக்கப்பட்டிருந்தவர் யார்? ஜான் ஃபிட்ச். செப்ரிங்கில் முதல் போட்டியை ஜெயித்தவர். அடுத்து ஏற வேண்டியது அவர்தான். காரை நிறுத்துங்கள், மற்ற கார்களைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று மெர்சிடஸிடம் வற்புறுத்தியவர்களில் அவரும் ஒருவர். நள்ளிரவுக்குப் பின், முன்னணியில் இருந்தும், மெர்சிடஸ் விலகிக்கொண்டது. செப்ரிங்கில் அவரோடு ஜெயித்த வால்டர்ஸும் அன்று ல மானில் இருந்தார். அதோடு பந்தயம் ஓட்டுவதையே விட்டுவிட்டார்.

ஃபிட்ச் விடவில்லை, ஆனால் அவர் புத்தி வேறு பக்கம் திரும்பியது. போரில் சண்டை விமானம் ஓட்டி, சுட்டு வீழ்த்தப்பட்டு, ஜெர்மனியில் கைதியாக இருந்தவர். போர்க்காலத்தில் கூடாரத்தைச் சுற்றி எரிபொருள் டின்களில் மணல் நிரப்பி அடுக்கிக் குண்டிலிருந்து காத்துக்கொண்ட ஞாபகம் அவருக்கு இருந்தது. அதை வைத்து நெடுஞ்சாலைகளில், பாலத் தூண்களுக்கும் சுவர் முனைகளுக்கும் முன்னால், மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பீப்பாய்களை வரிசையாக வைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். முதல் பீப்பாயில் கொஞ்சம் மணல், அடுத்ததில் கொஞ்சம் கூட, இப்படிப் போகப் போக அதிகம். மோதுகிற வண்டியின் வேகம் படிப்படியாகக் குறையும். சரியாக வேலை செய்கிறதா என்று தானே காரை ஓட்டிப் போய் மோதிப் பார்த்தார். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் இன்றும் மஞ்சள் பீப்பாய்களாக அவை நிற்கின்றன. அவர் பெயராலேயே அவற்றை அழைக்கிறார்கள்.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நெல்லூர் ரோட்டு மதகுச் சுவருக்கு முன்னால் நாலு பீப்பாய் மணல்! பாலாற்றில் மணலுக்கா பஞ்சம், அந்தக் காலத்தில்?

பேரன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 1953இல் தொடங்கிய உலகப் பட்டம் 1992வரை நடந்து நின்றுபோயிற்று. இருபது வருட இடைவெளிக்குப் பிறகு 2012இல் புதிதாகத் தொடங்கினார்கள். எட்டுப் பந்தயங்கள். முதலாவது எங்கே? மறுபடியும் அதே செப்ரிங்தான். மார்ச் 17. அது செப்ரிங்கின் 60ஆவது 12 மணி நேரப் பந்தயமும்கூட. அறுபதுக்கும் மேற்பட்ட கார்கள். ஆடியின் டீசல் கார் ஜெயித்தது, மெக்னிஷ், கிறிஸ்டென்சன், கப்பெல்லோ ஓட்டியது. டீசலில் பந்தயமா என்று அண்ணன் கேட்டிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்! ஆடிக்கு எதிராக நிற்க வேண்டிய பிரெஞ்சு பெஜோ அணி, பருவம் தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போது திடீரென்று விலகிவிட்டது. எனக்கு அதில் மட்டும் சிறு வருத்தம்.

அந்தக் கூட்டத்தில் ஜே.ஆர்.எம். என்ற அணியின் ஹோண்டா காரில் மூவரில் ஒருவராக இருந்தவர் கருண் சந்தோக். சென்னைப் பையன், 1984இல் பிறந்தவர். சோழவரத்தில் பந்தயம் நடத்திய இந்து சந்தோக்கின் பேரன், விக்கியின் மகன். ஓடுபாதையில் தாத்தா வைக்கோல் கட்டு அடுக்கிய வீட்டுப் பிள்ளை, இன்னொரு ஓடுபாதையில் உலகப் பட்டத்தின் முதல் பந்தயத்தில். காரில் அவருக்குக் கூட்டாளிகளில் ஒருவர் டேவிட் பிராபம். அவர் அப்பா ஜாக் பிராபம் 1959 டிசம்பரில் இதே செப்ரிங்கில், கடைசிச் சுற்றில் பெட்ரோல் தீர்ந்துபோன காரைக் கையால் தள்ளியே கோட்டைக் கடந்து நாலாவதாக வந்து, பார்முலா ஒன் உலகப் பட்டம் வாங்கியவர்.

அதே 2012 ஜூனில் கருண் ல மான் 24 மணி நேரத்தையும் ஓட்டினார். மொத்தத்தில் ஆறாவது இடம். ல மானில் ஓட்டிய முதல் இந்தியர் அவர். அதற்கு மூன்று வருடம் முன்பே அந்தப் பெயர் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனுக்குப் போயிருக்க வேண்டியது. 2009இல் ஆடி காரில் தகுதிச் சுற்றுவரை ஓட்டிவிட்டார். பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன் சுவர் தாண்டிக் குதிக்கையில் தோள் மூட்டு விலகிவிட்டது. மற்ற இருவர் மட்டும் ஓட்டினார்கள். இதையெல்லாம் விதி என்று சொல்லாமல் என்ன சொல்வது.

ஜான் ஃபிட்ச் அதே 2012 அக்டோபர் 31 அன்று காலமானார். வயது 95. தான் முதல் போட்டியை ஜெயித்த பட்டம் வேறு பெயரில் மறுபடி அதே ஊரில் தொடங்கியதைப் பார்த்துவிட்டே போனார்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பந்தயங்களில் இப்போது யாரும் லெவேக் மாதிரி ஓட்ட முடியாது. ல மானில் எந்த 6 மணி நேரத்திலும் ஒருவர் 4 மணி நேரத்துக்குமேல் ஓட்டக் கூடாது. மொத்தம் 14 மணி நேரத்துக்குமேல் கூடாது. மீறினால் தண்டனை. துபாயில் அஜித் விஷயத்தில் எனக்குப் பிடித்தது மேடையேறியது அல்ல, அதற்கு ஐந்து நாள் முன் நடந்தது. ஜனவரி 7 பயிற்சியில் அவர் கார் தடுப்பில் மோதிச் சுழன்று நொறுங்கியது. நல்ல வேளை, அவருக்கு ஒன்றுமில்லை. அதன்பின் தன் அணியின் 901ஆம் எண் காரைத் தான் ஓட்டுவதில்லை என்று முடிவு செய்து ஒதுங்கிக்கொண்டார். மத்தியு டெட்ரி, ஃபாபியன் துஃபியூ, கேமரன் மெக்லியாட் ஆகியோர் ஓட்டினார்கள். அவர் 414ஆம் எண் காரில் வேறு அணியோடு சேர்ந்து ஓட்டினார். கோடிக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொந்த வண்டியின் ஸ்டியரிங்கை இன்னொருத்தன் கையில் கொடுப்பது சாதாரணம் இல்லை. பேரனிடம் இதைச் சொன்னேன். "அதான் தாத்தா தல" என்றான். அவனுக்கு அவன் கவலை.

சோழவரத்தில் 1980களின் இறுதியோடு பந்தயம் நின்றது. 1990இல் இருங்காட்டுக்கோட்டை வந்தது. நாம் சென்னைக்குப் பஸ்ஸில் போகும்போது ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் வருமே, அதே இடம். அந்தப் பாதையை உருவாக்கியதிலும் இந்து சந்தோக்குக்குப் பெரிய பங்கு உண்டு. பெங்களூர் ரோட்டில் போகிற லாரிக்காரர்களுக்கு அங்கே என்ன நடக்கிறது என்று பெரும்பாலும் தெரியாது.

அண்ணனின் பேரனும் டிரைவர்தான். சிப்காட்டிலிருந்து ஷூ மேல்தோல் கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு துறைமுகம் போகிறான். சில சமயம் கல்கத்தா வரையும் போவதுண்டு. போன மாதம் கிளம்புமுன் வீட்டுக்கு வந்து காபி குடித்தான். வழக்கமாக நான் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்.

"ரெண்டு பேராத்தான் போறோம், சின்னத் தாத்தா" என்று சிரித்துவிட்டு, வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்த இன்னொரு பையனைக் கூப்பிட்டு, "வந்து மூஞ்சியக் காட்டுடா, இல்லேன்னா இவரு நம்ப மாட்டாரு" என்றான்.

அந்தப் பையன் இறங்கி வந்து வணக்கம் வைத்தான். அவனுக்கும் ஒரு டம்ளர் காபி போடச் சொன்னேன்.